பெயர் தெரியாத பாட்டி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் எனக்குப் போன் போட்டுக் கொடுத்த தலைப்பு, 'பின்னலாடைத் தொழிலில் தரக்கட்டுப்பாடு'. நானும் சரி என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடமாக நான் செய்துகொண்டிருப்பது அந்த வேலைதான். குறிப்புகூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் காலையில் வாசலுக்குள் நுழையும்போதே என் வகுப்புத் தோழன் ஒருவன், மனைவியும் குழந்தையும் பக்கத்தில் நிற்க, 'டேய் பாட்டி!' என்று கத்தினான். அவனுடைய மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அங்கேயே என் தலைப்பு மாறிப்போய்விட்டது. செயலாளர் அண்ணன் மன்னிக்க வேண்டும். தரக்கட்டுப்பாடும் பேச்சில் வரும், ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரும்.

மாணவர்களுக்கு விஷயம் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியபோது சேலை கட்டியிருந்தேன்.

2009ஆம் வருடம், கல்லூரி நாள் விழா. எங்கள் ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவின் சார்பாக நகைச்சுவை நாடகம். பெண் பார்க்கப் போகிற கதை. அதில் ஒரு பாட்டி வேடம். எங்கள் வகுப்பில் மொத்தமே ஏழு பெண்கள். ஏழு பேரும் நடனத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். 'பாட்டி வேசமா? வேற ஆளப் பாருங்க' என்று சொல்லிவிட்டார்கள். கதாநாயகி வேடத்துக்கு நாலு பையன்கள் போட்டி போட்டார்கள், பாட்டிக்கு ஒருத்தனும் வரவில்லை. அப்போது நான் ஒல்லியாக இருப்பேன், கொஞ்சம் கூன் போட்டு நடப்பேன். தலையில் கட்டிவிட்டார்கள்.

விடுதியில் ஒரு அறையில் மட்டும் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் 'மைக்கேல் மதன காமராஜன்' சிடியைப் போட்டு, அந்தத் திருட்டுப் பாட்டி வருகிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கல்யாண வீட்டில் கைக்கு அகப்பட்டதைச் சுருட்டிக்கொள்ளும் பாட்டி, ஊர்வசியின் பாட்டி. (திருபுரசுந்தரியைக் கமல் 'திருப்பு' என்று கூப்பிடும்போதெல்லாம் எங்கள் விடுதியில் விசில் பறக்கும். நம் ஊர்ப் பெயரில் முக்கால்வாசி வந்துவிட்டதே!) அந்தப் பாட்டி எப்படி உட்காருகிறது, எப்படி எழுந்திருக்கிறது, முந்தானையை எந்தக் கையில் பிடிக்கிறது எல்லாவற்றையும் காப்பியடித்தேன். நாடகத்துக்கு இரண்டாம் பரிசு. எனக்குப் பட்டப்பெயர் நிரந்தரம்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எத்தனையோ நாள் ராத்திரி அந்த அம்மாவின் நடையையும் குரலையும் திருடினேனே தவிர, அவருடைய பெயர் என்ன என்று நான் பார்க்கவே இல்லை. படத்தின் ஆரம்பத்தில் பெயர் போடுகிறார்கள். ஓட்டிவிட்டுப் பாட்டி வருகிற இடத்துக்குப் போய்விடுவேன்.

2010இல் படிப்பு முடிந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரப்பிரிவில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே செக்கிங் டேபிளில் ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊர் தாராபுரம் பக்கம். 'தாராபுரத்தக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலாளியும் அப்படித்தான், கேண்டீன் பையனும் அப்படித்தான். பேட்லாக் தையலில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் அந்தம்மா கண்ணால் பார்க்கக்கூட மாட்டார், கையாலேயே தடவிக் கண்டுபிடித்துவிடுவார். நாலு வருடம் படித்துவிட்டு வந்த எனக்குத் துணியில் என்ன குற்றம் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2012 பிப்ரவரி. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம். அந்தம்மா என்னிடம் வந்து, 'ஏனுங் தம்பி, எஸ்.என். லட்சுமி போயிட்டாங்களாமா?' என்றார்.

'யாருங்க்கா அது? டிரிம்மிங்லயா?' என்று கேட்டேன்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அட, சர்வர் சுந்தரத்துல எங்கூரு நாகேசுக்கு அம்மாவா வருவாங்கல்ல தம்பி. அந்தத் திருட்டுப் பாட்டி. இப்பக்கூட ராத்திரி நாடகத்துல வர்றாங்கல்ல!'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாட்டி! நான் யாரைப் போல நடந்து பரிசு வாங்கினேனோ அந்த அம்மா. அவர் பெயர் எனக்குத் தெரிந்த நாள், அவர் இறந்த செய்தி வந்த நாள். 2012 பிப்ரவரி 20.

அதற்குப் பிறகுதான் அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். தேடினால் நிறையக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கதாநாயகிகளைப் பற்றிப் புத்தகம் இருக்கும், பாட்டிகளைப் பற்றி இருக்காது. கிடைத்ததைச் சொல்கிறேன்.

விருதுநகருக்குப் பக்கத்தில் சென்னல்குடி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பெரிய குடும்பத்தில் பதிமூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர் எஸ்.என். லட்சுமி. 1920களின் பிற்பகுதி. தகப்பனார் காலமாகிவிட, குடும்பம் நொடித்துப்போனது. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு நாடகக் கம்பெனிக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் நாடகத்துக்குப் போவது என்றால் என்ன என்பதை இன்றைய மாணவிகள் தயவுசெய்து யோசித்துப் பார்க்க வேண்டும். பாய்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்து ஓய்ந்துகொண்டிருந்த நேரம். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். டி.கே. சண்முகம் ஔவையார் வேடம் போட்டதில் 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். அதே ஔவையாராக 1953இல் சினிமாவில் நடித்தவர் நம் கொடுமுடிக்காரர், கே.பி. சுந்தராம்பாள். அவர் மாதிரி பாடிப் புகழ்பெற்றவர்களைக் கும்பிட்டார்கள். புகழ்பெறாத நடிகைக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் சேருகிற வரைக்கும் அந்தப் பெண் 'கூத்தாடி'தான். என் அப்பத்தா இருந்த வரைக்கும் அந்த வார்த்தையைத் திட்டுவதற்குத்தான் பயன்படுத்தினார். நான் சேலை கட்டி நடித்த போட்டோவை அவரிடம் காட்டவே இல்லை.

லட்சுமி அம்மா கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் நாடகக் குழுவில் இருந்தார். பிறகு எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ். இந்தச் சகஸ்ரநாமம் யார் தெரியுமா? சிங்காநல்லூர்க்காரர். ஆமாம், நம் கோயமுத்தூர் சிங்காநல்லூர்தான். நம்மில் பாதிப் பேர் பஸ் மாறுகிற இடம். அங்கே பிறந்து, டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் வளர்ந்து, கலைவாணர் வழக்கில் சிக்கிச் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய நாடக சபையைத் தாங்கிப் பிடித்தவர். பிறகு சொந்தமாகச் சேவா ஸ்டேஜ் தொடங்கினார். அதுவரைக்கும் நாடகம் என்றால் ராஜா, ராணி, சுருதி பிசகாத பாட்டு. சகஸ்ரநாமம் எழுத்தாளர்களைத் தேடிப் போனார். பி.எஸ். ராமையாவின் 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்', தி. ஜானகிராமனின் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' எல்லாம் சேவா ஸ்டேஜில் வந்தவை. முத்துராமன் அங்கே தயாரானவர்தான். கத்திப் பேசாமல், வீட்டில் பேசுகிற மாதிரி பேசி நடிக்கிற பழக்கத்துக்கு அந்தக் குழு பேர்போனது.

இதை ஒரு பொறியாளனாக யோசித்துப் பார்க்கிறேன். மேடைக்கு முன்னால் ஒன்றிரண்டு மைக். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும், அதே நேரத்தில் கத்துகிற மாதிரியும் இருக்கக் கூடாது. ஒரு தாய் முணுமுணுப்பதைக் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுக்க வேண்டும்! அதோடு, குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் அந்த வேடத்தை அன்றைக்கே ஏற்க வேண்டும். மற்றவர் வசனமும் காதில் ஏறியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ராத்திரிகள் லட்சுமி அம்மா இப்படி மேடை ஏறியிருக்கிறார். திருப்பூரில் 'மல்டி ஸ்கில் ஆபரேட்டர்' வேண்டும் என்று போர்டு போடுகிறோமே, அது புதுசாக நாம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

சினிமாவுக்கு வந்தபோது கிடைத்ததெல்லாம் சின்னச் சின்ன வேடங்கள்தான். ஆனால் 1960இல் வந்த எம்.ஜி.ஆரின் 'பாக்தாத் திருடன்' படத்தில் அவர் ஒரு சிறுத்தையோடு சண்டை போட்டிருக்கிறார். டூப் கிடையாது. நாம் பார்த்துச் சிரித்த அந்தக் கூன்விழுந்த பாட்டிதான்!

அடுத்து 'சர்வர் சுந்தரம்', 1964. பாலசந்தர் எழுதி மேடையில் வெற்றி பெற்ற நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். படமாக வந்தது. நாகேஷ் தாராபுரத்தில் பிறந்தவர். இன்று அது நம் திருப்பூர் மாவட்டம். படத்தில் ஹோட்டல் சர்வராக இருக்கும் மகன் பெரிய சினிமா நடிகன் ஆகிவிடுகிறான். பணம், கார், வீடு எல்லாம் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு ஆபத்து என்ற சேதி மட்டும் படப்பிடிப்பில் இருக்கும் மகனுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தில் நாகேஷ் அழுகிறார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, அவர் யாருக்காக அழுகிறார் என்பதை. அந்த அம்மா நம் மனதில் நிற்கவில்லை என்றால் நாகேஷ் அழுவது வெறும் அழுகையாகப் போயிருக்கும். மகன் ஒரு வார்த்தை சொன்னால் அதில் பாதியை நம்பியும் பாதியை நம்பாமலும் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வைதான் படத்தின் பின்பாதியைத் தாங்குகிறது. இது என் கருத்து. சினிமா தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம்.

வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1964இல் நாகேஷுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. லட்சுமி அம்மாவுக்கு முப்பதுகளின் நடுவில். ஏழெட்டு வயதுகூட வித்தியாசம் இல்லாத ஒருவருக்குத் தாய்! எனக்கு இப்போது முப்பத்தாறு. என்னை யாராவது 'அங்கிள்' என்றால் முகம் சுண்டிப்போகிறது. ஒரு பெண்ணிடம் அந்த வயதில் 'இனிமேல் உனக்கு அம்மா வேடம்தான், நரை பூசிக்கொள்' என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? மரத்தைச் சுற்றிப் பாடும் வாய்ப்பே அவர் வாழ்க்கையில் வரவில்லை. அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. வந்த வேடத்தை அவர் எப்படிச் செய்தார் என்பது மட்டும் திரையில் இருக்கிறது.

அடுத்த பல வருடங்களை வேகமாகத் தாண்டுகிறேன். நூற்றுக்கணக்கான படங்கள். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, பிறகு பாட்டி. அறுபது வயதுக்கு மேல்தான் அவருக்குப் பெரிய வேடங்கள் வந்தன. 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்'. அந்தப் பாட்டி சிரிக்க வைக்க முயற்சியே செய்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எடுத்ததை ஒளிக்கும்போது முகத்தில் அப்படி ஒரு பால்வடியும் அப்பாவித்தனம். நான் நடித்தபோது ஒவ்வொரு தடவையும் சபையைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அதனால்தான் இரண்டாம் பரிசு என்று இப்போது புரிகிறது.

நாலே வருடம் கழித்து 1994இல் 'மகாநதி'. அதே அம்மாதான், ஆனால் சிரிப்புக்கு இடமே இல்லை. மருமகன் ஏமாற்றப்பட்டு ஜெயிலுக்குப் போய்விட, இரண்டு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் மாமியார். பிறகு 2004இல் 'விருமாண்டி'யின் பாட்டி. முதல் படத்தில் பிராமண வீட்டுப் பாட்டி, இரண்டாவதில் தஞ்சாவூர்ப் பக்கத்து மாமியார், மூன்றாவதில் மதுரைப் பக்கத்துக் கிராமத்து அப்பத்தா. மூன்றையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பேச்சு மட்டுமல்ல, வெற்றிலை மெல்லும் தாடைகூட மாறும் என்று எனக்குத் தோன்றும். விருமாண்டியில் பேசியது அநேகமாக அவர் சொந்த ஊர்ப் பக்கத்துத் தமிழ். எழுபது வயதுக்கு மேல் ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

தொலைக்காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. செவ்வாய்க்கிழமை ராத்திரி நாடகம் போடுவார்கள், தெருவே ஒரு வீட்டில் கூடும் என்று என் அப்பா சொல்வார். அதற்குள் சபாக்களில் நாடகம் குறைய ஆரம்பித்துவிட்டது. மேடையில் பழகிய எத்தனையோ பேருக்குத் தொலைக்காட்சி இரண்டாவது உயிர் கொடுத்தது. பிறகு தனியார் சேனல்கள் வந்து தினசரித் தொடர்கள் வந்தன. அங்கே வசனம் காலையில் கைக்கு வரும், மத்தியானம் எடுத்துவிடுவார்கள். இளைஞர்கள் திணறுவார்கள். நாடகத்தில் அன்றைக்கே வேடம் மாற்றிப் பழகியவர்களுக்கு அது பழைய வேலை. லட்சுமி அம்மா கடைசியாக விஜய் டிவியின் 'சரவணன் மீனாட்சி' தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதைத் தாண்டி, வேலையில் இருக்கும்போதே போனார். தாராபுரத்தக்கா 'ராத்திரி நாடகம்' என்று சொன்னது அதைத்தான்.

இனி ஒரு சின்ன வெளிநாட்டுக் கதை. 2017 ஜனவரியில் கம்பெனி என்னை இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்கு அனுப்பியது. அனுப்பிய சரக்கில் ஷேடு மாறிவிட்டது என்று தகராறு. லெஸ்டர் ஒரு காலத்தில் அவர்களுடைய திருப்பூர். பின்னலாடை மில்கள் ஓடிய ஊர். பையர் கம்பெனியின் தரப்பிரிவில் ஒரு வயதான அம்மா, அந்தக் காலத்து மில்லில் வேலை பார்த்தவர். சாப்பாட்டு நேரத்தில் டிவியில் ஒரு பழைய தொடர் ஓடியது. சோபாவில் ஒரு பாட்டி. 'லிஸ் ஸ்மித்' என்று பெயர் சொன்னார் அந்தம்மா. முந்தின மாதம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் இறந்துபோனாராம். எனக்கு அவர் சொன்ன கதை: கணவர் விட்டுப்போக, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பை செய்யும் பேக்டரியிலும் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் நாடகத்தில் நடித்தவர் லிஸ் ஸ்மித். லண்டனில் பொம்மைக் கடையில் நின்றுகொண்டிருந்த அவரை, ஏறக்குறைய ஐம்பது வயதில், மைக் லீ என்ற இயக்குநர் கூப்பிட்டார். 1971இல் முதல் படம். 1998இல் 'தி ராயல் ஃபேமிலி' தொடரில் பாட்டியாக வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். நாடே அவரைத் தெரிந்துகொண்டது. அந்தம்மா தன் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போல் பேசினார்.

'எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார்' என்று நான் எஸ்.என். லட்சுமியைப் பற்றிச் சொன்னேன். சிறுத்தைக் கதையைச் சொன்னதும் அந்தம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷேடு தகராறும் சுமுகமாக முடிந்தது. (அதற்குக் காரணம் லட்சுமி அம்மாவா, நாங்கள் கொடுத்த தள்ளுபடியா என்பது வேறு விஷயம்.) ஊருக்கு வந்து தாராபுரத்தக்காவிடம் இதைச் சொன்னேன். 'பாத்தீங்களா தம்பி, பேரு தெரிஞ்சதுனாலதான அந்தச் சீமைக்காரிகிட்டச் சொல்ல முடிஞ்சுது' என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

2019, தீபாவளிக்கு முன்னால். ஷிப்மெண்ட் நெருக்கடி. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வேலை. நான்தான் இருந்து முடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். எட்டரை மணிக்கு அந்தம்மா செக்கிங் டேபிளில் அப்படியே சாய்ந்துவிட்டார். வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே சீட்டு எழுதுகிற பெண் கேட்டார்: 'பேஷண்ட் பேரு?'

நான், 'தாராபுரத்தக்கா' என்றேன்.

'அது ஊருங்க சார். பேரு?'

ஒன்பது வருடம். தினமும் பார்த்த முகம். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். பெயர் எனக்குத் தெரியவில்லை. கூட வந்த இரண்டு பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை. டிபன் பைக்குள் தேடி, அடியில் மடித்து வைத்திருந்த ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் பெயர் சொன்னேன். அப்போது என் கை நடுங்கியது என்று சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் நடுங்கத்தான் செய்தது.

கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். சர்க்கரை குறைந்துபோனதுதான். ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை, மகன் விடவில்லை. பி.எஃப். பணத்துக்கு எழுதிப் போட்டபோது அடுத்த சிக்கல். ஆதாரில் ஒரு பெயர், கம்பெனிப் பதிவேட்டில் இன்னொரு பெயர். வேலையில் சேர்ந்த அன்று யாரோ காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். யாரும் கூப்பிடாத பெயர் என்பதால் தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் திருத்த எட்டு மாதம் ஆனது. பதினெட்டு வருட உழைப்பின் பணம். அந்த எட்டு மாதமும் மகன் என்னிடம் வந்துபோனான், ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை. தையலில் ஒரு நூல் விட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புகிற தரப்பிரிவு அதிகாரி நான். என் டேபிளில் இருந்த ஆளின் பெயரில் இரண்டு எழுத்து தப்பாக இருந்தது எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் ஆள் சேரும் நாளில் அட்டையை வைத்துக்கொண்டு பெயரை நானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, சரியா என்று அவர்களிடமே கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள். செயலாளர் அண்ணன் கேட்ட தரக்கட்டுப்பாடு இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

போன வாரம் அந்தம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். இந்த விழாவில் பேசப் போகிறேன், உங்களைப் பற்றியும் சொல்லலாமா என்று கேட்டேன். 'சொல்லுங்க தம்பி, ஆனா பேரு வேண்டாம்' என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. 'ஏனுங்க்கா, இத்தன பாடுபட்டுப் பேரத் திருத்தி வாங்கியிருக்கோம்' என்றேன். 'அது பணத்துக்குங்க. ஊருக்கெல்லாம் எதுக்கு? எஸ்.என். லட்சுமி பேரச் சொல்லுங்க போதும்' என்றார். அவர் சொன்னபடி அந்தப் பெயரைத்தான் இன்று சொல்லியிருக்கிறேன்.

இன்று மாலை நிகழ்ச்சி நிரலில் ஒரு நாடகம் இருக்கிறது. அதில் பாட்டி வேடம் போடும் மாணவியைக் காலையில் பார்த்தேன். இந்தத் தடவை மாணவிதான், போட்டி போட்டு வாங்கினாராம். சந்தோஷம். அவருக்கு ஒரு சின்னக் குறிப்பு. முதுகை முதலில் வளைக்காதே அம்மா. தரையில் இருந்து எழுந்திருக்கும்போது முதலில் ஒரு கை முழங்காலுக்குப் போகும், பிறகு மூச்சு, அதற்குப் பிறகுதான் உடம்பு. எஸ்.என். லட்சுமியைப் பார்த்து நான் பாதிதான் பிடித்திருந்தேன், மூச்சை விட்டுவிட்டேன். அதை எனக்குத் திண்ணையில் எழுந்து காட்டியவர் தாராபுரத்தக்கா. நாடகம் ஆறரை மணிக்கு. நான் முன் வரிசையில் இருப்பேன்.